புகாரும் என் பொறாமையும்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உதவி நாடி வருபவரின் ரகசியத்தை எங்கே காக்க வேண்டும், எங்கே காக்கக் கூடாது, எந்தச் சட்டத்தின் கீழ் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அன்பளிப்பு வாங்கலாமா, கல்யாணத்துக்கு அழைத்தால் போகலாமா என்றெல்லாம். கோபம் வந்தால் என்ன செய்வது, கேட்கிற கதையில் நமக்கே அழுகை வந்தால் என்ன செய்வது என்றுகூடப் பேசியிருப்பார்கள். பொறாமை வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி ஒன்று இந்த வேலையில் உண்டு என்று ஒப்புக்கொள்ளவே எங்களுக்கெல்லாம் கூச்சம்.

முதலில் கிள்ளானிலும் பிறகு பிரிக்பீல்ட்ஸிலும் குடும்ப நலப் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு வழக்கைப் பற்றிச் சொல்கிறேன். இதில் வரும் பெயர்கள் நான் வைத்தவை. வேலை, வயது, சில இடங்கள் ஆகியவற்றையும் மாற்றியிருக்கிறேன். நடந்தது மட்டும் நடந்தபடியே.

லோகேஸ்வரி கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எல்லாரும் லோகேஸ் என்பார்கள். கணவர் குணா லோரி ஓட்டுநர், ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிப் போகிறவர். குடிப்பழக்கம் இல்லை. வீட்டுச் செலவுக்குக் குறை வைத்ததில்லை. சந்தேகம்தான் அவருடைய நோய். மனைவி வேலை முடிந்து வந்ததும் சீருடையை வாங்கி முகர்ந்து பார்ப்பார். சாப்பாட்டு வேளையில் வீடியோ காலில் வந்து, கேண்டீனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு என்பார். மேற்பார்வையாளர் சொன்ன ஒரு வேடிக்கையை வீட்டில் வந்து சொல்லி லோகேஸ் சிரித்த அன்று, சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து மனைவியின் கையில் வைத்துவிட்டார். கட்டுப் போட்ட அந்தக் கையோடு, ஆறு வயது மகள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு, லோகேஸ் எங்கள் அலுவலகப் படியேறினார்.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. அதன் முகவரி ஊருக்கே தெரியும். அடைக்கலம் கொடுக்கும் காப்பகம் வேறு இடத்தில். அது எங்கே என்று எங்களில் சிலருக்குத்தான் தெரியும். இன்றும் சொல்ல மாட்டேன்.

லோகேஸின் வழக்கு என்னிடம் வந்தது. போலீஸ் புகார், மருத்துவமனை, நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை என்று செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். குணா மனைவியையோ மகளையோ நெருங்கக் கூடாது, ஆள் வைத்தும் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஆணை வந்தது. கிள்ளான் நீதிமன்ற வாசலில் லோகேஸின் கையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டப்படி பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் லோகேஸ் என்னிடம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வரும். "ஆமா மேடம்." "இல்ல மேடம்." அதற்கு மேல் ஒரு சொல் வராது. காப்பகத்துக்குப் போய் எதிரே உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களுக்குக் காலம் வேண்டும் என்று நானே பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் சில நாள், பிறகு வீட்டில் ஓய்வு. நான் இல்லாதபோது லோகேஸைத் தர்ஷினி பார்த்துக்கொண்டாள்.

தர்ஷினி பூச்சோங்கிலிருந்து வருகிறவள். முப்பது வயது இருக்கும். சமூகப் பணியில் மேற்படிப்பு முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கை நிறைய வளையல் போட்டிருப்பாள். அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்க்காமலே தெரியும்.

நான் திரும்பி வந்த வாரம் வழக்குகளைப் பற்றிப் பேசும் கூட்டம் நடந்தது. எங்கள் தலைவர் முன்பு வழக்கறிஞராக இருந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். லோகேஸின் முறை வந்ததும் தர்ஷினி பேசினாள். லோரிக்குள் பூட்டி வைத்த விஷயத்தையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்றாள். எந்த லோரி என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லலையாக்கா?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது வியப்புதான். குத்திக்காட்டத் தெரியாதவள்.

போன வருடம் ஒருநாள் குணா மனைவியையும் மகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் போயிருக்கிறார். உச்சி வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தாராம். உண்மையைச் சொன்னால் திறப்பேன் என்றாராம். சொல்வதற்கு உண்மை எதுவும் இல்லாததால் ஒரு பொய்யைச் சொன்ன பிறகுதான் கதவு திறந்திருக்கிறது. குழந்தை மயங்கிக் கிடந்திருக்கிறாள். இதைத் தர்ஷினியிடம் லோகேஸ் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டவுடன் எனக்கு அந்தத் தாயையும் பிள்ளையையும் நினைத்து நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. முதலில் வந்தது வேறு. கையைப் பிடித்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நின்றவள் நான், கதையைக் கேட்டவள் அவளா என்று இருந்தது. வயிற்றெரிச்சல் என்று தமிழில் சொல்கிறோமே, அது வெறும் பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அன்று வயிற்றில் உண்மையாகவே எரிந்தது.

சட்ட வேலையை நான் தொடர்ந்து பார்ப்பது, ஆறுதல் பேச்சைத் தர்ஷினி பார்ப்பது என்று தலைவர் பிரித்துக் கொடுத்தார். நியாயமான ஏற்பாடு. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதன் பிறகு தர்ஷினியிடம் அதுவரை என் கண்ணில் படாத குறையெல்லாம் பட ஆரம்பித்தது. கிளையண்டை அக்கா என்று கூப்பிடுகிறாள். குழந்தைக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஒரு மணி நேரம் பேச வேண்டியவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசுகிறாள். காப்பக அறையில் அவர்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நிற்கும். லோகேஸ் எழுந்து நின்று "வாங்க மேடம்" என்பார். அந்த மரியாதையைப் போல என்னைக் காயப்படுத்தியது வேறெதுவும் இல்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு, தர்ஷினியிடம் பேசுவதுபோல என்னிடமும் பேசலாமே என்று லோகேஸிடம் கேட்டேன். "பேசலாம்தான் மேடம்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

இந்த உணர்வு தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். நான் பொறாமைப்படுகிறேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. தர்ஷினி எல்லையை மீறுகிறாள், தொழில் ஒழுக்கம் தெரியவில்லை, கிளையண்டைத் தன்னைச் சார்ந்திருக்கப் பழக்குகிறாள் என்றுதான் தோன்றியது. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற சொற்கள். அவற்றில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் சிக்கல்.

பாதுகாப்பு ஆணையை நீட்டிக்கும் விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச ஒரு திங்கட்கிழமை காலையில் காப்பகத்துக்குப் போனேன். பவித்ரா தலையில் மினுமினுக்கும் புது கிளிப் குத்தியிருந்தாள். அழகாக இருக்கிறதே என்றேன். ஆன்டி வீட்டில் கேக் வெட்டினோம் என்றாள் குழந்தை. லோகேஸ் சட்டென்று மகளின் தோளைப் பிடித்தார். பிறகு, மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து, சொன்னார். முந்தின நாள் தர்ஷினி தன் காரில் இருவரையும் பூச்சோங்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அவள் அக்காவின் பிள்ளைக்குப் பிறந்தநாள்.

"பிள்ள ரொம்ப நாளா வெளிய போகணும்னு கேட்டுச்சு மேடம். அவங்கமேல தப்பு இல்ல. நாந்தான் கெஞ்சுனேன்."

படம் எடுத்தார்களா என்று கேட்டேன். எல்லாரும் நின்று எடுத்துக்கொண்டோம் என்றார்.

வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, தர்ஷினியின் அக்காவின் முகநூல் பக்கத்தைத் தேடினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே கிடந்தது. கேக்குக்கு முன்னால் குழந்தைகள். அதில் பவித்ரா. ஓரத்தில் பேப்பர் தட்டோடு லோகேஸ், கையில் தழும்பு தெரிந்தது. அவர் தோளில் கை போட்டுக்கொண்டு தர்ஷினி.

காப்பகத்தில் இருக்கும் ஒருவரை யாருக்கும் சொல்லாமல் வெளியே அழைத்துப் போனது, அதுவும் தன் குடும்பத்துக்குள், முகத்தைப் படம் எடுக்க விட்டது. மூன்றும் பெரிய தவறுகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஆட்கள் எல்லாரும் யாரோ ஒருவருக்கு மச்சான், யாரோ ஒருவருக்குச் சம்பந்தி. ஒரு படம் பூச்சோங்கிலிருந்து கிள்ளானுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இதெல்லாம் எனக்கு அந்த நொடியே தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் என்று ஒரு சந்தோஷம்.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். குரலில் வருத்தம் தெரிய வேண்டும், அதே சமயம் எந்தச் சலுகைக்கும் இடம் இருக்கக் கூடாது. அந்த ஒத்திகையில் நான் மிகவும் நியாயமானவளாக இருந்தேன்.

மாடிக்கு வந்தால் முன்னறையில் குணா உட்கார்ந்திருந்தார்.

சலவை செய்த சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நீதிமன்றத்தில் பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்திருக்கிறது. தலைவர் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். முன்னறையில் இருந்த எழுத்தர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, இவர் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. பின்னறையில் தர்ஷினி வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மெல்லிய கதவு.

உள்ளே நடக்கும் பேச்சு முடியும்வரை யாரும் கதவைத் திறக்க வேண்டாம் என்று போய்ச் சொல்லும்படி எழுத்தரிடம் சாதாரணமாகச் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. பிறகு என் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மனைவிக்கோ மகளுக்கோ ஆள் மூலமாகவும் எதையும் சொல்லக் கூடாது என்று ஆணை இருக்கிறது, நீங்கள் இங்கே வந்ததை நான் போலீஸ் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். சண்டை போட வரவில்லை, பேசத்தான் வந்தேன் என்றார்.

"நான் செஞ்சது தப்புதான்க்கா. இல்லன்னு சொல்லல. ஆனா என் கஷ்டத்த யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. வீட்ல என்கிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்டா. வெளிய எல்லார்கிட்டயும் சிரிப்பா. எல்லாம் நாந்தான் செய்றேன், ஆனா மனசுல இருக்கிறத எவகிட்டயோ போய்ச் சொல்றா. ஏன்க்கா, என்கிட்ட சொன்னா என்ன?"

அவர் சொன்னதில் ஒரு வரி விடாமல் எனக்குத் தெரிந்திருந்தது. லோகேஸைப் பற்றி இவ்வளவு நாளும் நான் எனக்குள் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய அதேதான்.

குணா போனை எடுத்தார். அதே படம். லோரி ஓட்டும் நண்பர் ஒருவரின் மனைவிக்குத் தர்ஷினியின் அக்காவைத் தெரியுமாம். ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. தர்ஷினியின் முகத்தை விரலால் பெரிதாக்கி என்னிடம் காட்டினார்.

"இந்தப் பொண்ணு இங்கதான வேல செய்யுது? இவதான் எம் பொண்டாட்டிய கெடுக்கிறா. பேர மட்டும் சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தர்ஷினி எதற்கோ கையைத் தூக்கியிருக்க வேண்டும். எனக்கு அது இடி விழுந்ததுபோல இருந்தது. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒருவர் கேட்கும்போது இல்லை என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்லாதீர்கள். இன்றைக்கு இல்லை என்றால், நாளைக்கு வேறொருவரைப் பற்றிக் கேட்டு நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கும்போது அது ஆமாம் என்று ஆகிவிடும். பொய் என்று தெரிந்தால் வாசலில் காத்திருப்பார். யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

"இங்க யார் வேல செய்றாங்க, யார் வராங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றது இல்ல தம்பி."

"அப்ப இருக்குன்னுதான அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல. உங்க அம்மா வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

அவர் முகத்தில் கோபத்தைவிடப் பசிதான் அதிகம் இருந்தது. அந்தப் பசி எனக்குப் புதிது இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் செய்தது ஒரு பெண்ணின் கையில் இருந்தது, ஒரு குழந்தை லோரிக்குள் மயங்கிக் கிடந்ததில் இருந்தது. அவரையும் என்னையும் பிரிப்பது நாங்கள் உணர்வது அல்ல, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் புரிந்தது. நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. செய்யத்தான் கிளம்பி வந்திருந்தேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமானால் வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கும் நல்லது என்று சொல்லி எழுந்தேன். பழப் பையை அவர் கையிலேயே கொடுத்தேன். கூடவே படி இறங்கி, தெருமுனை திரும்பி அவருடைய மோட்டார் சைக்கிள் மறையும்வரை, ஐந்தடி என்று நாம் சொல்லும் கடைவாசல் நடைபாதையில் நின்றேன். பிறகு விசாரணை அதிகாரிக்கும் தலைவருக்கும் போன் செய்தேன்.

தலைவர் உடனே திரும்பி வந்தார். அறைக் கதவைச் சாத்தினேன். காரில் அடுக்கி வைத்த சொற்கள் எதுவும் கைகொடுக்கவில்லை. குணா வந்தது, படம் அவரிடம் இருப்பது, தர்ஷினியின் பின்னாலேயே போனால் அவர் காப்பகத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் லோகேஸையும் குழந்தையையும் இன்றே வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்பது, படம் எங்கே எடுத்தது, யார் கூட்டிப் போனது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் உடனே போனை எடுக்கப் போனார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். "எனக்கு தர்ஷினிமேல பொறாமை. ரொம்ப நாளா. இந்தப் படத்தப் பார்த்தப்ப சந்தோஷப்பட்டேன். அதனால அவ விசாரணையில என்ன உக்கார வைக்காதீங்க. நான் சொன்னதையும் நீங்க ஒருதடவ விசாரிச்சுக்குங்க."

என் வாழ்க்கையில் சொல்வதற்கு அவ்வளவு கூசிய வாக்கியம் வேறு கிடையாது. முப்பது வயதுப் பெண்ணைப் பார்த்து ஐம்பது தாண்டியவள் பொறாமைப்படுகிறேன் என்று, அதுவும் என்னைவிடச் சின்னவரான மேலதிகாரியிடம்.

அவர் முகம் மாறவில்லை. பிறகு வழக்கறிஞராகக் கேள்வி கேட்டார். எதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், எதை லோகேஸ் சொன்னார், எதை நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். கிளையண்டைத் தன்னைச் சார்ந்திருக்கப் பழக்குகிறாள் என்று நான் சொன்னதை, அது நீங்கள் நினைப்பது என்று தள்ளி வைத்தார். இதே தவறை வேறொருவர் செய்திருந்தாலும் வந்து சொல்லியிருப்பீர்களா என்று கடைசியாகக் கேட்டார்.

"சொல்லியிருப்பேன். ஆனா வருத்தப்பட்டுச் சொல்லியிருப்பேன்."

"சரி. நீங்க வந்து சொல்ல வேண்டியதுதான். அதுல எது உண்மை, எது பொறாமைன்னு பிரிக்கிறது என் வேல" என்றார்.

அந்தச் சொல் என் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தது. பொறாமை இருக்கிறது என்பதற்காகப் புகாரை விழுங்கிவிடக் கூடாது. அப்படி விழுங்கியிருந்தால் லோகேஸ் அதே காப்பகத்தில் இருந்திருப்பார். புகார் நியாயமானது என்பதற்காகப் பொறாமையை மறைக்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய், அந்த உணர்வு இல்லாத ஒருவர் முன் வைத்துவிட வேண்டும். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது.

தர்ஷினியைக் கூப்பிட்டுத் தலைவர் பேசினார். நான் அந்த அறையில் இல்லை. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. செய்ததை மறுக்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மாலைக்குள் இடம் மாற்ற வேண்டும். போய்ச் சொன்னால் லோகேஸ் நகர மறுத்தார். பவித்ரா இப்போதுதான் இங்கே தூங்கப் பழகியிருக்கிறாள், திரும்பவும் புது இடமா என்றார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவர் யார் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தலைவருக்குப் போன் செய்து, தர்ஷினியை அனுப்புங்கள் என்று கேட்டது நான்தான். என் முன்னிலையில் மட்டும் பேச வேண்டும் என்று சொல்லி அவளை வேறொரு வண்டியில் சுற்றுவழியாக அனுப்பினார்.

தர்ஷினி வந்து லோகேஸின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வளையலையெல்லாம் கழற்றியிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கையில அந்தப் படம் இருக்குக்கா. என் தப்பு. நீங்க கெஞ்சுனாலும் நான் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது. இப்ப நீங்க போகணும். நான் கூட வர முடியாது. இனிமே உங்க கேஸையும் நான் பாக்க மாட்டேன்."

லோகேஸ் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். அத்தனை மாதங்களில் என்னைப் பார்த்து அவர் முழுசாகப் பேசியது அன்றுதான்.

"நீங்கதான போட்டுக் கொடுத்தீங்க? எங்களுக்கு ஒருத்தங்க இருந்தாங்க. அது உங்களுக்குப் பொறுக்கல. உங்களுக்குப் பொறாமை மேடம்."

தர்ஷினி அதிர்ந்துபோய், அப்படி இல்லக்கா என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆமா லோகேஸ். பொறாமை உண்டு. அத எங்க தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா உங்க புருஷன் இன்னிக்கு எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்திருந்ததும் உண்மை. போன்ல பவித்ரா முகம் இருந்ததும் உண்மை. என்மேல கோவப்படுங்க, பரவால்ல. துணிய எடுத்து வைங்க."

தர்ஷினி என்னையே பார்த்தாள். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும். லோகேஸ் எழுந்து அலமாரியைத் திறந்தார். அவர் என்னை நம்பி எழுந்தாரா, பயந்து எழுந்தாரா என்று இன்றுவரை தெரியாது. இருட்டுவதற்கு முன் வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குணா அலுவலகத்துக்கு வந்து ஆள் மூலம் தொடர்புகொள்ள முயன்றதும் விசாரணையில் சேர்ந்தது. பாதுகாப்பு ஆணை நீட்டிக்கப்பட்டது. பிறந்தநாள் படத்தைக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு என்ன பயம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நாங்கள் பயந்த கேள்விதான். லோரியில் நடந்ததை லோகேஸ் நடுங்காமல் சொன்னார். அதைச் சொல்லும் துணிவை அவருக்குக் கொடுத்தவள் தர்ஷினி. இதை எங்கே எழுதினாலும் மறைக்காமல் எழுதுவேன். குணாவுக்குத் தண்டனை கிடைத்தது. லோகேஸ் அவரிடம் திரும்பிப் போகவில்லை.

தர்ஷினிக்குக் கண்டிப்பு. சில மாதங்கள் அவள் தனியாக யாரையும் பார்க்கக் கூடாது என்று தலைவர் முடிவு செய்தார். லோகேஸின் வழக்கு எங்கள் இருவர் கையிலிருந்தும் போனது. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தர்ஷினி வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். விடவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், ஏன்க்கா என்னைப் பார்த்தா உங்களுக்குப் பொறாமை என்று நேராகவே கேட்டாள். நீ உட்கார்ந்தால் மனிதர்கள் பேசுகிறார்கள், நான் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறார்கள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, எனக்கு சட்டம் பேசத் தெரியாது, அந்த ஆள் முன்னாடி உட்கார்ந்திருந்தா நான் எதையாவது உளறியிருப்பேன் என்றாள். அதன் பிறகு எத்தனையோ வழக்குகளை இருவரும் சேர்ந்து பார்த்தோம். என் வயிறு எரிவது நின்றதா என்று கேட்டால், இல்லை. ஆனால் எரியும்போது இது அதுதான் என்று தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், பிரிக்பீல்ட்ஸில் கூட்டத்துக்கு நடுவே லோகேஸைப் பார்த்தேன். கூடவே உயரமாக வளர்ந்துவிட்ட பவித்ரா. இப்படித் தெருவில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது, கூட வந்தவர்களுக்கு நம்மைத் தெரிய வேண்டியதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிட இருந்தேன். அவரே வந்து நிறுத்தினார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார். நல்லா இருக்கேன் என்றேன். சுங்கை வேயில் வாடகை வீடு, தையல் கடையில் வேலை, மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னார். பிறகு தயங்கி, தர்ஷினி எப்படி இருக்காங்க, நம்பர் கிடைக்குமா என்று கேட்டார்.

நம்பர் என் போனில் இருந்தது. தர்ஷினியைக் கேட்காமல் கொடுக்க முடியாது, கேட்டுவிட்டு அவளையே கூப்பிடச் சொல்கிறேன் என்று சொல்லி லோகேஸின் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, மகளோடு துணிக்கடைப் பக்கம் போனார்.

இதை மறந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்போது நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வயதில் மறதி வந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். பிளாட்பாரத்தில் நின்று, ரயில் வருவதற்குள் தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

லோகேஸின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். காத்திருந்தேன். பிறகு, என்னைப் பற்றி என்ன கேட்டாங்கக்கா என்றாள். லோகேஸ் சொன்னதையெல்லாம், சொன்ன வரிசையில், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். உன் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன். அது நான் மட்டும் பார்த்தது. நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியவே வழியில்லை.